என்சான்ட்டருக்கு 'வசியர்' பத்தாது, 'மனக்கட்டாளர்'னு வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம், டைஸ் உருட்டி கேரக்டரா ஆடற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல, மனசை மயக்கற மந்திரம் போடற 'என்சான்ட்டர்'க்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டிருந்தோமே, அதுல ஒருத்தர் இப்படி எழுதியிருந்தார்:

> 'வசியர்'னே வச்சிடலாங்க, பாக்கற யாருக்கும் புரியும்

புரியும்தாங்க, ஆனா என்னன்னு புரியும்? நான் இருக்கறது பெங்களூர் அல்சூர் பக்கம், இங்க சுவத்துல கரெண்ட் கம்பத்துல எல்லாம் வசீகரண நோட்டீஸ் ஒட்டியிருக்கும், பிரிஞ்சு போனவங்க திரும்பி வருவாங்கன்னு ஃபோன் நம்பரோட. நாங்க ஞாயித்துக்கிழமை ஆடற டேபிள்ல 'வசியர்'னு சொன்ன உடனே எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வந்துச்சு.

அது கூட பரவால்ல. நம்ம மாந்திரீகத்துல அஷ்டகர்மம்னு எட்டு சொல்வாங்க: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், பேதனம், வித்துவேடணம், மாரணம். வசியம் அதுல ஒண்ணுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 ரூல்ஸ்ல என்சான்ட்மென்ட்ங்கற ஒரே மந்திரப் பிரிவுக்குள்ள இதுல பலதும் கலந்து கெடக்கு. சார்ம் பர்சன்ங்கற மந்திரம் வசியம், சரி. ஹோல்ட் பர்சன் ஆளை அசையவிடாம நிறுத்துது, அது அப்பட்டமான தம்பனம். கிரவுன் ஆஃப் மேட்னஸ் கூட இருக்கறவனையே அடிக்க வைக்குது, அதை நான் பேதனம்னுதான் சொல்வேன். பவர் வேர்ட் கில் கூட இதே பிரிவுதான், ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, 100 இல்ல அதுக்குக் கீழ இருக்கறவன் அங்கயே செத்தான், மாரணம்! இத்தனைக்கும் வசியம்னு ஒரே பேரா?

அதனாலதான் 'கட்டு'ங்கறேன். வாய்க்கட்டு, திசைக்கட்டு, உடல்கட்டுன்னு ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, எங்க பாட்டி தர்மபுரிப் பக்கம், 'கட்டுப் போட்டுட்டாங்க'ன்னு சாதாரணமா சொல்லும். மனசைக் கட்டறது மனக்கட்டு, செய்யறவர் மனக்கட்டாளர். 'மெனக்கெட்டு' மாதிரி காதுல விழுதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், நியாயம்தான், தனியா 'மனக்கட்டு'ன்னா கொஞ்சம் இடிக்குது, ஆனா 'ஆளர்' சேந்தா அந்தக் குழப்பம் வரல.

இன்னொண்ணு, யாரையும் காயப்படுத்தாம ஆடற கேரக்டருக்குத் தனியா ஒரு சொல் வேணும், ஏன்னா பவர் வேர்ட் கில் பாத்தோமே, மனக்கட்டாளர்னாலே அடிக்காதவர்னு ஆகாது. 'மாரணமிலி'ன்னு வைக்கலாமா? நான் ஓட்டறது அப்படி ஒரு ஆள்தான், மூணாவது லெவல் விசார்ட், இன்டெலிஜென்ஸ் 16, சேவ் டிசி, அதாவது என் மந்திரத்துல இருந்து தப்பிக்க எதிராளி எடுக்க வேண்டிய எண், 13. நெருப்பு வீசற ஃபயர் போல்ட் மந்திரம் கூட எடுக்கல. இவன் எதுக்கு டீம்லன்னு மொதல்ல கேட்டாங்க. எதிர்ல வர்ற கோப்ளின்ங்கற குட்டி அரக்கனுக்கு விஸ்டம் மைனஸ் 1, அதைக் கழிக்கணும், அதனால 20 முகம் டைஸ்ல 14 இல்ல அதுக்கு மேல விழுந்தாத்தான் தப்பிக்கும், ஆக 65 சதவீதம் கட்டு விழும். ஹோல்ட் பர்சன்ல மாட்டினவன் பக்கத்துல நம்ம ஃபைட்டர் நின்னு வெட்டினா, பட்ட ஒவ்வொரு வெட்டும் கிரிட்டிக்கல், அதாவது எவ்வளவு அடின்னு பாக்க உருட்டற டேமேஜ் டைஸ் டபுள். நான் ஒரு டேமேஜ் டைஸ் கூட உருட்டல, சண்டை முடிஞ்சுது.

போன வாரம் என் மேல ஒரு அம்பு பட்டு, மந்திரத்தைப் பிடிச்சு வைக்கற கான்சன்ட்ரேஷன் போச்சு, மந்திரமும் கலைஞ்சுது. அப்ப எதிர்ல இருந்த பையன், அவன் நம்ம விவாதம் எதையும் படிச்சதே இல்ல, 'அய்யோ, கட்டு அவுந்துடுச்சு!'ன்னு கத்தினான்.