வீட்டுக்கு அருகில் இரண்டு இரவு ஓய்வு: தங்க, எண்ணெய் வைத்து முழுக, நடக்க எங்கே போகலாம்?

கேள்வி: கோண்டாவில் கணக்காளர்

வணக்கம். மாசி நடுப்பகுதியில் எனக்கும் கணவருக்கும் ஒரே நேரத்தில் மூன்று நாள் விடுப்புக் கிடைத்திருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் ஆண்டு முடிவுக் கணக்குகள் என்னை அசையவிடமாட்டா என்பதால், அதற்கு முன் எங்காவது போய்ச் சும்மா இருந்துவிட்டு வர விரும்புகிறோம். போன ஆண்டு நுவரெலியாவுக்குப் போனோம். போக ஒரு பகலும் வர ஒரு பகலும் வாகனத்துக்குள்ளேயே கழிந்து, அந்தக் களைப்புத் தீர மேலும் இரண்டு நாள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே இம்முறை வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அமைதியான அறையும், கணினிக்கு முன்னால் குனிந்தே இறுகிப்போன தோளுக்கு நல்லதொரு எண்ணெய்ப் பிடிப்பும், காலையில் ஒரு நீண்ட நடையும் கிடைத்தால் போதும். முழங்கால் நோவுள்ள 72 வயது மாமியாரும் எங்களோடு வருகிறார். மலையேற வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மலையைக் கேட்பது, கடற்கரையில் நின்று நல்ல தண்ணீர் கேட்பது போலாகிவிடும்.

பதில் 1: வடமராட்சியான்

மலை இல்லைத்தான், ஆனால் மணல் இருக்கிறது. வல்லிபுர ஆழ்வார் கோயிலடியில் வாகனத்தை விட்டுவிட்டு, கடல் தீர்த்தத் திருவிழாவன்று சனம் போகும் வழியே கடற்கரைக்கு இறங்கி, அங்கிருந்து தெற்கு நோக்கி மணற்காடு வரைக்கும் நடந்து பாருங்கள். தார் றோட்டில் நடக்கும் ஒரு மணித்தியாலமும் மணலில் நடக்கும் ஒரு மணித்தியாலமும் ஒன்றல்ல. ஒவ்வோர் அடியும் பாதி பின்னுக்குச் சறுக்குவதால், மணற்குன்று ஒன்றில் ஏறி முடிக்கும்போது கெண்டைக்கால் தசை மலை ஏறியதாகவே நினைத்துக்கொள்ளும்.

மணற்காட்டில் பாதி மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களை விடியற்காலையிலேயே பார்த்துவிட வேண்டும். இரவுக் காற்று மணலில் இழுத்த வரிகள் அப்போது இன்னும் கலையாமல் இருக்கும். அவற்றின் மேல் நண்டு ஓடிய தடத்தைத் தவிர வேறொன்றும் இராது. ஏழரை மணி கடந்தால் வரியும் இராது, உங்களுக்கு நிற்க நிழலும் இராது. அருகிலுள்ள சவுக்கங்காட்டுக்குள் மட்டும் வெறுங்காலோடு போகாதீர்கள். ஊசியிலை மெத்தை போலத்தான் தெரியும்; அதற்குள் கிடக்கும் சவுக்கங்காய் உள்ளங்காலில் ஏறினால் அன்றைய நடை அத்துடன் சரி. சப்பாத்துப் போடுங்கள், ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல் எடுங்கள். வழியில் கடை இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது.

பறவை பார்க்கும் விருப்பமிருந்தால் மாசி நல்ல காலம். மழை முடிந்து களப்புகளில் தண்ணீர் நிற்கும்போது, 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்தில் பூநாரைகளைக் காணலாம். ஆனால் அதற்கு வேறாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இதோடு சேர்த்துத் திணிக்காதீர்கள்.

பதில் 2: கைதடியிலிருந்து

கடற்கரையில் நல்ல தண்ணீர் கேட்கக்கூடாது என்று யார் சொன்னது, சகோதரி? கீரிமலைக் கேணி இருப்பதே கடலுக்கும் கரைக்கும் இடையிலான ஒரு மதிலளவு தூரத்தில்தானே. மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் ஓடிவந்து, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. மதிலுக்கு அப்பால் அலை அடிக்கும், இப்பால் நன்னீர். பெண்களுக்கு வேறாகக் கேணி உண்டு என்பதால் உங்கள் மாமியார் கூச்சமின்றி இறங்கலாம். பெயரில் மலை இருப்பதும் உங்கள் ஆசைக்கு ஒரு சிறு ஆறுதல். அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்ய வருபவர்களாலும், மாசியில் சிவராத்திரியை ஒட்டி அங்குள்ள நகுலேஸ்வரக் கோயில் திருவிழாவுக்கு வருபவர்களாலும் அந்த இடம் நிறைந்திருக்கும். ஓய்வுக்காகப் போவதானால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வேறொரு வார நாளைத் தெரிவுசெய்யுங்கள்.

ஸ்பா பற்றி என் கருத்துச் சற்றுக் கடுமையானது. நகரத்து விடுதி ஒன்றில் 'மூலிகை மசாஜ்' என்று பலகை போட்டிருந்ததை நம்பி ஒருமுறை போனேன். கேரளத்துத் தைலம் என்று சொல்லிப் பூசியது வாசனை போட்ட ஏதோ எண்ணெய். குளிரூட்டிய அறையில் ஒரு மணித்தியாலம் எண்ணெய் ஊறக் கிடந்துவிட்டு வந்து, இரண்டு நாள் தடிமனோடு கிடந்தேன். எண்ணெய் வைக்கும் உடலுக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்பதை நம் வீட்டுக் கிழவிகள் அறிவார்கள். சித்த மருத்துவத்தில் இந்தப் பிடித்துவிடுதலுக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், அழுத்தல், முறுக்கல் என்று முறைகள் உண்டு, ஆளுக்கும் நோய்க்கும் ஏற்பத் தைலமும் மாறும். ஆகவே விடுதிக்குப் போகும் முன், கைதடியிலுள்ள சித்த போதனா வைத்தியசாலையிலோ பதிவுபெற்ற சித்த வைத்தியர் ஒருவரிடமோ தோளையும் மாமியாரின் முழங்காலையும் காட்டி, என்ன எண்ணெய், எத்தனை நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வீங்கியோ சூடாகவோ இருந்தால் கேளாமல் யாரையும் பிடிக்க விடவேண்டாம். முழுகிய அன்று பகல் நித்திரை கூடாது, குளிர்ந்த சாப்பாடும் கூடாது. மிளகு இரசமும் சோறும் போதும்.

பதில் 3: ரயில் பிரியன்

மலைதான் வேண்டுமென்றால் யாழ்தேவியில் அநுராதபுரம் போய், மிகிந்தலையின் 1840 படிகளையும் ஏறுங்கள். இரண்டு மணித்தியாலக் கணக்கு உடையும், மாமியாரும் கீழே இருக்க வேண்டி வரும். மற்றப்படி குறையில்லை.

பதில் 4: தீவகத்தாள்

எல்லாரும் வடக்குக் கரையையே சொல்வதால் நான் மேற்கே இழுக்கிறேன். நெடுந்தீவில் முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைக் கற்களை, சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மதில்களுக்கு நடுவே நடப்பதைப் போல ஒரு நடை இந்தக் குடாநாட்டில் வேறெங்கும் வாய்க்காது. மாசியில் புல் பச்சையாக இருக்கும். குதிரைகள் கூட்டமாக மேயும். பெருக்கமரம் எனப்படும் பாவோபாப் மரத்தின் வயிற்றுக்குள் புகுந்து நிற்கலாம். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் அவசரப் பயணமாக மட்டும் போகாதீர்கள். நான் அப்படிப் போய், கடைசிப் படகு நேரத்தைத் தவறாகக் கேட்டுக்கொண்டு, துறைமுகத்தில் அது தூரத்தில் புள்ளியாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு அறிமுகமில்லாத ஒரு வீட்டில் பாய் போட்டுத் தந்தார்கள்; அடுத்த நாள் விடியலில் கண்ட குதிரைகளைத்தான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மாமியாரை ஏற்றவே கூடாது, மாசியில் பெரும்பாலும் கடல் அமைதி.

விடுதி பற்றி ஒரு சொல். காரைநகர் கடற்கோட்டையிலும் காங்கேசன்துறைக் கடற்கரையிலும் படையினர் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. கோட்டை கடலுக்கு நடுவே நிற்பதால் படகில்தான் போக வேண்டும். இரவு அமைதிக்குக் குறைவிராது. அங்கே படுத்தால் உங்களுக்கு நித்திரை வருமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், எனக்கு வராது.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. காங்கேசன்துறைப் பக்கம் உள்ளூர்க் குடும்பம் ஒன்று வாடகைக்கு விடும் வீட்டில் இரண்டு இரவும் தங்குவது. முதல் நாள் கைதடியில் காட்டிவிட்டுப் போய், மறுநாள் வீட்டு முற்றத்து வெயிலில் எண்ணெய் வைத்து, சுடுநீரில் முழுகுவது. மூன்றாம் நாள் விடியுமுன் பருத்தித்துறை வழியாக மணற்காட்டுக்குப் போவது என்று தீர்மானித்துள்ளோம். கீரிமலையை மாமியாரின் வசதிப்படி இடையில் வைத்துக்கொள்கிறோம். நெடுந்தீவை ஆவணிக்குத் தள்ளலாமா என்று கணவர் கேட்டார். சோளகத்தைப் பற்றி எழுதியிருந்ததைக் காட்டினேன், அடங்கிவிட்டார்.

ஒரேயொரு சிக்கல். நாங்கள் நடந்து வரும்வரை மாமியார் வல்லிபுரக் கோயிலில் இருப்பார் என்று திட்டமிட்டிருந்தேன். சவுக்கங்காய் குத்தும் என்ற வரியை வாசித்துக் காட்டியதும், 'அப்படியென்றால் எனக்கும் ஒரு சோடி சப்பாத்து வாங்க வேண்டும்' என்கிறார். மணற்காட்டுத் தேவாலயத்துக்கு மிக அருகில் வாகனம் போகக்கூடிய வழி இருந்தால், வடமராட்சியான் அவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.