ஸ்பெயினின் எப்ரோ ஆற்று டெல்டாவில் சைக்கிள்: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

வயல்நண்டு:
டெல்டெப்ரே ஊரிலிருந்து கடலோர ரியூமார் போகும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் நெல்வயல், மேடே கிடையாது. நான் போனது மே மாதம், வயலெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தது. வாய்க்கால் ஓரத்து நாணல் தண்டுகளில் ரோஜா நிறத்தில் ஏதோ கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. மொட்டு என்று நினைத்துத் தொட்டுவிட்டேன். தூரத்திலிருந்து ஒரு பெரியவர் கத்திக்கொண்டே வந்தார். அது ஆப்பிள் நத்தையின் முட்டை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த நத்தை, 2009இல் இங்கே வயலுக்குள் புகுந்தது. இளம் நாற்றைத் தின்றுவிடும். அதைக் கொல்லக் கடல்நீரையே வயலில் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு விவசாயி தன் வயலில் உப்புத் தண்ணீர் விடுவதென்றால் எந்த அளவுக்கு நொந்துபோயிருக்க வேண்டும்!

தன் பாட்டில் தண்ணீரை ஊற்றி என் கையைக் கழுவவைத்தார். எங்கள் ஊரிலும் நெல்தான் என்று எனக்குத் தெரிந்த நாலு ஸ்பானியச் சொல்லில் சொன்னேன். உடனே குனிந்து என் டயரில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார். இரண்டு சக்கரத்தையும் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார். எங்கோ இருக்கிற என் ஊர் வயலுக்கு அந்த நத்தை போய்விடக் கூடாதே என்று அப்படிச் செய்தார். அது இன்னும் மனதில் நிற்கிறது.

எதிர்காற்று:
மேடே இல்லை என்று சொல்லி ஆட்களைக் கிளப்பிவிடாதீர்கள். மேடு இல்லைதான், மேஸ்ட்ரால் காற்று இருக்கிறதே! ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடமேற்கிலிருந்து இறங்கும். மறைக்க ஒரு மரம் கூட இல்லாத வயல்வெளி. ரியூமாரிலிருந்து திரும்பும்போது சின்ன கியரில் மிதித்தும் வண்டி நகரவில்லை. அப்போது அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா, முன்கூடையில் ரொட்டியோடு பழைய சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனார். போனவர் வேகத்தைக் குறைத்து, பின்னால் ஒட்டி வா என்று கையால் சைகை காட்டினார். அவர் முதுகுதான் எனக்குக் காற்றுத் தடுப்பு. கூரை வேய்ந்த மண்சுவர் வீடு ஒன்றின் பக்கம் சட்டென்று திரும்பிவிட்டார். நன்றி என்று கத்தினேன். காற்றில் கேட்டிருக்காது.

மிதிவண்டி மாமா:
எதிர்காற்று தம்பி சொல்வது சரி, ஆனால் திட்டமிட்டால் சமாளிக்கலாம். எனக்கும் ஒருமுறை அம்போஸ்டா பக்கம் காற்றில் தொப்பி பறந்து வாய்க்காலில் விழுந்தது, அவ்வளவுதான். முதல் விஷயம், கடலிலிருந்து தொடங்காதீர்கள். மேலே டெரா ஆல்டா மலைப்பகுதி பக்கமிருந்து ஆற்றங்கரை நகரமான டொர்டோசாவை நோக்கி இறங்குங்கள். 1973இல் மூடிய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். ஆலிவ், பாதாம், திராட்சைத் தோட்டம் நடுவே லேசான இறக்கம். சுரங்கங்கள் நிறைய, விளக்கு கட்டாயம். டொர்டோசாவில் ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் டெல்டாவுக்குள் நுழைந்தால் மேஸ்ட்ரால் உங்கள் முதுகைத் தள்ளும். அகல டயர் எடுங்கள். சாயங்காலம் கொசு பிய்த்துவிடும், முழுக்கைச் சட்டை வேண்டும். செப்டம்பர் அறுவடை மாதம், எதிரே டிராக்டர் வந்தால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில். அப்புறம் டியூப் ஒன்று கூடுதலாக.

கழிமுகம்:
மாமா, பாதை எப்படி என்று இங்கே யாரும் கேட்கவில்லையே. நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரியூமார் பக்கம் பார்வைக் கோபுரத்தில் ஏறி நின்றேன். பக்கத்தில் இருந்தவர் கடலைக் காட்டி, "அங்கே கலங்கரை விளக்கம் இருந்தது" என்றார். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. 1864இல் கட்டிய இரும்பு விளக்கு, ஐம்பது மீட்டருக்கும் மேல் உயரம். தரை கரைந்து கரைந்து 1961இல் கடலுக்குள் போய்விட்டது. ஆற்றின் மேல்பக்கம் அணை கட்டி வண்டலைப் பிடித்துக்கொண்டால் டெல்டா எப்படி நிற்கும்? அவர் கை நீட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன்.

எதிர்காற்று:
வண்டல் பற்றிச் சொன்னது உண்மை, ஆனால் அந்த விளக்குக்கு அணையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பெரிய அணையான மெக்கினென்சா 1966இல்தான் வந்தது, விளக்கு அதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஆறு வடக்குப் பக்கம் புது வாய் திறந்துகொண்டது, விளக்கு நின்ற பழைய முனைக்கு மண் வருவது குறைந்தது, அலை அரித்தது. இன்றைக்குக் கரை தேய்வதற்கு அணைகள் பெரிய காரணம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

கழிமுகம்:
சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆண்டைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அந்த மனிதரும் அணையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருடைய அப்பா சின்ன வயதில் அந்த விளக்கு வரைக்கும் நடந்தே போவாராம். அதைச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.