அரசுக் காட்டில் லீவர் துப்பாக்கி: மான் வேட்டை அனுபவங்கள்

பிட்ஸ்பர்கிலிருந்து:

லீவர் துப்பாக்கியோடு (டிரிகரைச் சுற்றியிருக்கும் கைப்பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா ஏறும் வகை) பொதுக்காட்டில் மான் எடுத்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டதால் என் பங்கு இது. என்னிடம் இருப்பது வின்செஸ்டர் 94, முப்பது-முப்பது தோட்டா. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894இல் வந்த துப்பாக்கி; என்னுடையது 1970களில் செய்தது, கைமாறி வந்தது. இதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் எதிர்ப்படும் பெரியவர்கள் முதலில் கேட்பது "அறுபத்து நாலுக்கு முந்தியதா?" என்றுதான். 1964இல் செலவைக் குறைக்க உள்பாகங்களின் செய்முறையை மாற்றினார்கள், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. "பிந்தியது" என்றால் முகம் லேசாக வாடும். மானுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

நான் போவது அலெகெனி தேசியக் காட்டுக்கு. 5 லட்சம் ஏக்கருக்கு மேல். நிலம் அரசுடையது, அடியில் இருக்கும் எண்ணெயோ பெரும்பாலும் தனியாருடையது. ஹெம்லாக் மரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு எண்ணெய்ப் பம்பு தலையாட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கம்பெனிக்காரர்கள் போட்ட மண்சாலைகள்தான் நமக்கும் வழி. சாலையை விட்டு உள்ளே இறங்க இறங்கக் கூட்டம் குறையும். மான் விழுந்தால் அத்தனை தூரமும் இழுத்து வர வேண்டும் என்பதையும் இறங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியாவில் துப்பாக்கி சீசன், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விழா முடிந்த சனிக்கிழமை தொடங்குகிறது. 2019க்கு முன்பு திங்கட்கிழமையாக இருந்தது, பல ஊர்களில் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடுவார்கள். சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பிருந்தே சுடலாம் என்பது சட்டம். ஆனால் ஸ்கோப் (மேலே மாட்டும் தொலைநோக்கி) இல்லாத இந்தத் துப்பாக்கியில் குறிபார்க்க முன்னே பாசிமணி போல ஒரு மணி, பின்னே ஒரு பள்ளம், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் மணி கண்ணுக்கே தெரியாது. சட்டம் விட்டாலும் துப்பாக்கி விடாது.

அப்படித்தான் ஒரு ஆண் மான் போயிற்று. விடிந்தும் விடியாத நேரம், லாரல் புதரிலிருந்து வந்து பக்கவாட்டாக நின்றது. கொம்பு இருப்பது தெரிகிறது, கிளைகளை எண்ண முடியவில்லை. அந்தப் பகுதியில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளையாவது இருந்தால்தான் வயதுவந்தவர்கள் சுடலாம். பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நிச்சயம், மூன்றாவது கிளையா குச்சியா என்று தெரியவில்லை. அது என்னையே கொஞ்ச நேரம் பார்த்தது, முன்காலால் ஒரு தட்டுத் தட்டியது, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஸ்கோப் இருந்திருந்தால் எண்ணியிருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அதற்காக இந்த ஒல்லியான துப்பாக்கியின் தலையில் கண்ணாடிக் குழாயை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

பெண் மானுக்குத் தனி உரிமம் வாங்கியிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் மூன்று பெண் மான்கள் வரிசையாக ஓடைப் பக்கம் இறங்கின. ஹேமரை (சுடும் முன் பின்னுக்கு இழுக்க வேண்டிய சுத்தியலை) அப்படியே இழுத்தால் அமைதியான காட்டில் அந்தக் 'கிளிக்' போதும், மான் பறந்துவிடும். டிரிகரை அழுத்திப் பிடித்தபடி ஹேமரை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, டிரிகரை விட்ட பிறகு ஹேமரை மெல்ல உட்காரவைத்தால் சத்தம் வராது. காலித் துப்பாக்கியில் நன்றாகப் பழகிய பிறகே காட்டில் செய்யுங்கள். ஐம்பது கஜம் இருக்கும். கடைசி மான் நின்று திரும்பியபோது முன்காலுக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடியது, அடிபட்டதற்கு அது நல்ல அடையாளம். உடனே பின்னால் ஓடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பீச் இலைகளின் மேல் இளஞ்சிவப்பாக, நுரை கலந்த இரத்தம். அப்படி இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. சரிவுக்குக் கீழேயே கிடந்தது. இடத்தை விட்டு நகர்த்தும் முன் டேகை (உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டை) எழுதிக் காதில் கட்ட வேண்டும், பத்து நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அம்மா, "மானையாடா சுட்ட? போலீஸ் பிடிக்காதா?" என்றார். இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். கறியில் கொழுப்பே கிடையாது, அதனால் நல்லெண்ணெய் தாராளமாக. முதுகுக் கறியை மிளகு போட்டுச் சட்டென்று வறுத்து இறக்கிவிடுங்கள், தொடைக்கறிக்குக் குக்கர்தான் சரி.

மிச்சிகனிலிருந்து:

எங்களுக்கு நவம்பர் 15, எந்தக் கிழமையாக இருந்தாலும் அன்றுதான் தொடக்கம். நாங்கள் மேக்கினா பாலத்தைத் தாண்டி வடக்கே ஹயவாதா தேசியக் காட்டுக்குப் போவோம். பனி பெய்தால் குறிபார்க்கும் பின்பக்கப் பள்ளம் அடைத்துக்கொள்ளும், அதனால் நான் மார்லின் 336 பக்கம் போய்விட்டேன். பழைய வின்செஸ்டர் வெற்றுத் தோட்டாவை மேலே எறியும், ஸ்கோப் வைக்க இடைஞ்சல். மார்லின் பக்கவாட்டில் தள்ளும். ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டலாம்.

போன சீசனில் மான் தடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதே தடத்தில் ஒரு ஓநாய் சின்ன ஓட்டமாக வந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அன்று அந்தப் பக்கம் ஒரு மானும் வரவில்லை, நானும் ஃபிளாஸ்க் காபியை முடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஆல்பனியிலிருந்து:

சேவேஜ் 99ஐ யாரும் சொல்லவில்லையே! நியூயார்க்கின் யூட்டிகாவில் பிறந்த துப்பாக்கி. மற்ற இரண்டிலும் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிடக்கும். ஒன்றின் கூர்முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரில் (அடியில் இருக்கும், இடித்தால் தீப்பற்றும் பொட்டில்) இடித்து வெடித்துவிடக் கூடாது என்பதால்தான் மூக்கு மழுங்கிய தோட்டா. சேவேஜில் தோட்டாக்கள் இருப்பது சுழலும் மேகசினில், கூர்முனைத் தோட்டா போடலாம்.

நியூயார்க்கின் வடக்கே உள்ள அடிராண்டாக் காட்டில் உட்கார்வதை விடப் பனியில் தடம் பார்த்து நடப்பதுதான் வழக்கம். ஒருமுறை பெரிய ஆண் மானின் தடம் கிடைத்தது, குளம்பு இழுபட்ட கோடு தெளிவாக இருந்தது. ஒரு மேட்டைத் தாண்டியதும் அதே தடத்தின் மேல் இன்னொருவரின் பூட்ஸ் அச்சு. யார் முதலில் தடத்தில் ஏறினாரோ மான் அவருடையது. எழுதாத வழக்கம், ஆனால் மதிக்கிறவர்கள்தான் அதிகம். நான் வேறு பள்ளத்துக்கு இறங்கிவிட்டேன். மதியம் தூரத்தில் ஒரே ஒரு வெடி கேட்டது. அவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், எச்-1பி விசாவில் இருப்பவர்கள் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டவருக்கு: அப்படி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கும் உண்டு. முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு உரிமம், அதற்குப் பிறகுதான் துப்பாக்கிக் கடை. மாநிலச் சட்டத்தையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நியூயார்க்கும் பென்சில்வேனியாவும் ஒன்றல்ல.