விண்டோஸ் 11-இல் பாட்மேன் கிளம்பவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கன்டெய்னர் (ஒரு செயலியை அதற்கு வேண்டியவற்றோடு தனிப் பொட்டலமாக ஓட்டும் முறை) பழகலாம் என்று என் லேப்டாப்பில் (விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ரேம்) கன்டெய்னர்களை இயக்கும் பாட்மேன் (Podman) டெஸ்க்டாப் மென்பொருளை நிறுவினேன். நிறுவல் ஒழுங்காக முடிந்தது. ஆனால் கன்டெய்னர்கள் ஓடும் லினக்ஸ் சூழலான பாட்மேன் மெஷினை உருவாக்கும்போது டபிள்யூஎஸ்எல் 2 (WSL 2, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) கிளம்பாமல், 80370102 என்று முடியும் பிழை எண் வருகிறது.

ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி (விண்டோஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) கிடையாது, 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்' இருந்தால் போதும் என்பதால் அதை இயக்கி, ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன்தான். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கமும் 'எனேபிள்டு' என்றே காட்டுகிறது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். போன வருடம் விர்ச்சுவல்பாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் இன்னொரு மென்பொருள்) மிக மெதுவாக ஓடியதால், விண்டோஸ் பூட் அமைப்புகளை மாற்றும் பிசிடிஎடிட் (bcdedit) கட்டளையில் ஹைப்பர்வைசர் லாஞ்ச் டைப்பை (விண்டோஸ் தொடங்கும்போது அதன் ஹைப்பர்வைசரும் கிளம்ப வேண்டுமா என்ற அமைப்பு) 'ஆஃப்' செய்திருந்தேன். அப்புறம் மாற்றவே இல்லை. அதுதான் காரணமா? இப்போது 'ஆட்டோ' ஆக்கினால் பழைய விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின்கள் திறக்குமா? அவற்றில் ஒரு வருடப் பயிற்சிக் கோப்புகள் இருக்கின்றன, அதனால்தான் கை வைக்கப் பயமாக இருக்கிறது. பாட்மேன், விர்ச்சுவல்பாக்ஸ் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: டபிள்யூஎஸ்எல் தானாகவே பாதி ரேமை எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். 8 ஜிபி வைத்திருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் கோப்பில் எவ்வளவு வரம்பு வைத்திருக்கிறீர்கள்?