பேடன்ட் (காப்புரிமை) தேடக் கற்க இலவசப் பயிற்சி: எதில் தொடங்கலாம்? (தென்னை ஏறும் கருவி)

மெக்கானிக்கல்_இறுதியாண்டு

வணக்கம். மோட்டாரில் தென்னை மரம் ஏறும் கருவி ஒன்றை ப்ராஜெக்டாகச் செய்கிறோம். மரத்தைச் சுற்றி மூன்று ரப்பர் சக்கரங்கள், ஸ்பிரிங் இழுவையால் பிடிமானம். இதை முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று நாங்களே தேடிப் பார்க்க வேண்டும். கூகுள் பேடன்ட்ஸில் 'கோகனட் ட்ரீ க்ளைம்பர்' என்று ஆங்கிலத்தில் போட்டால் வருவதில் பாதி சம்பந்தமே இல்லாதது. முறையாகக் கற்க இலவசப் பயிற்சி எது? இந்திய விண்ணப்பங்களை எங்கே பார்ப்பது?

வகைப்பாட்டு_வாசகர்

தம்பி, முதலில் பயிற்சிகளைச் சொல்லிவிடுகிறேன். பேடன்ட் என்றால் என்ன என்பதற்கே அடிப்படை வேண்டுமென்றால் வைப்போ (ஐ.நா.வின் உலக அறிவுசார் சொத்து அமைப்பு) அகாடமியின் டிஎல்-101 பாடம் இருக்கிறது, இலவசம். ஆனால் அது அறிவுசார் சொத்து முழுவதையும் தொட்டுச் செல்வது. தேடல் அதில் சிறு பகுதிதான். தேடலைக் கற்க ஐரோப்பியப் பேடன்ட் அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் (இலவசத் தேடல் தளம்) பயிற்சித் தொகுதிகளிலிருந்து தொடங்குங்கள். பிறகு அமெரிக்க அலுவலகத்தின் ஏழு படி தேடல் முறை. என்பிடெல்லிலும் (ஐஐடிகளின் இணையப் பாடத்தளம்) பொறியாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்குமாக ஒரு பேடன்ட் தேடல் பாடம் உண்டு. வீடியோ பார்க்கக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். இவை எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் தேட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எஸ்பாஸ்நெட் தொகுதியை ஒரு மாலையில் பார்த்துவிட்டு, அடுத்த மாலையே உங்கள் கருவியை வைத்துத் தேடத் தொடங்குங்கள்.

எந்தப் பயிற்சியானாலும் அதில் பிடித்துக்கொள்ள வேண்டியது வகைப்பாட்டு எண்தான் (ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதன் தொழில்நுட்பத்தை வைத்துத் தரப்படுவது). விண்ணப்பம் எழுதுபவர் 'தென்னை' என்றே எழுதியிருக்க மாட்டார். 'செங்குத்தான நீள்உருளை' என்றோ 'கம்பம்' என்றோ எழுதியிருப்பார். சொல் மாறினாலும் எண் மாறாது. அமெரிக்க, ஐரோப்பிய அலுவலகங்கள் இரண்டும் சேர்ந்து 2013 ஜனவரி 1 முதல் நடத்திவரும் சிபிசி வகைப்பாட்டில் சுமார் இரண்டரை லட்சம் உட்பிரிவுகள் இருக்கின்றன.

மரம் ஏறும் கருவி விவசாயத்தில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அது இருப்பதோ உடற்பயிற்சி, விளையாட்டுச் சாதனங்களுக்கான ஏ63பி-யில்! 27/00 என்ற குழு மரம், கம்பம் ஏறும் சாதனங்களுக்கானது. எஸ்பாஸ்நெட்டின் வகைப்பாட்டுத் தேடலில் மரம் ஏறுதல் என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் இது கண்ணில் படும். (எண்களைத் தேடுபெட்டியில் ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும்.) எண்ணோடு ஒரு சாய்கோடும் 'லோ' என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால் அதன் துணைக்குழுக்களும் சேர்ந்து வரும்.

அதோடு நின்றுவிடாதீர்கள். உங்களுடையது சக்கரத்தில் ஏறுவதால் செங்குத்துப் பரப்பில் நகரும் வண்டிகளுக்கான பி62டி 57/024-ஐப் பாருங்கள். பழம் பறிக்கும் கருவிகள் ஏ01டி 46-இல். வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறி உட்காரும் பரண்கள் ஏ01எம் 31/02-இல். அமெரிக்காவில் இந்தப் பரண்களில் தானே மரத்தைப் பற்றி ஏறும் வகைகள் உண்டு. தென்னையை ஒரு முறைகூடச் சொல்லாத அந்த ஆவணங்களும் உங்கள் கருவிக்கு முந்தைய சான்றாக நிற்கும்.

தேர்வறிக்கை

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் தேடல் சரியாக வந்திருக்கிறதா என்று பயிற்சி வீடியோ சொல்லாது. அதற்கு இலவசமாகவே ஒரு ஆசிரியர் இருக்கிறார்: பிசிடி (ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளுக்கு வழி செய்யும் ஒப்பந்தம்) விண்ணப்பங்களோடு வெளியாகும் சர்வதேசத் தேடல் அறிக்கை.

வைப்போவின் தேடல் தளமான பேடன்ட்ஸ்கோப்பில் ஏ63பி 27 வகைப்பாட்டில் ஒரு பிசிடி விண்ணப்பத்தை எடுங்கள். சுருக்கம், க்ளெய்ம் (எதற்கு உரிமை கோருகிறார்கள் என்ற பகுதி), வரைபடம் மட்டும் படியுங்கள். அறிக்கையைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் நீங்களே தேடி, நெருக்கமான ஐந்து ஆவணங்களைக் குறித்து வையுங்கள். பிறகு ஆவணங்கள் பகுதியில் தேடல் அறிக்கையைத் திறந்து ஒப்பிடுங்கள். அதில் எக்ஸ் என்று குறித்த ஆவணம் தனியாகவே புதுமையையோ கண்டுபிடிப்புத் திறனையோ (துறையாளருக்கு எளிதில் தோன்றாத தன்மை) கேள்விக்குள்ளாக்குவது. ஒய் இன்னொன்றோடு சேர்ந்தால் அப்படிச் செய்வது. ஏ வெறும் பின்னணி. எக்ஸ் ஆவணம் உங்களிடம் சிக்கவில்லையென்றால் ஏன் தவறியது என்று பாருங்கள். பெரும்பாலும் அது நீங்கள் நினைக்காத வகைப்பாட்டில் இருக்கும், அல்லது சீன, ஜப்பானிய மொழியில் இருக்கும். எந்தெந்த வகைப்பாட்டில் தேடினார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இப்படி ஐந்து விண்ணப்பங்கள் செய்தால் எந்தச் சான்றிதழையும்விடத் தேடும் கை திருந்தும்.

மொழிச் சிக்கலுக்குப் பேடன்ட்ஸ்கோப்பில் பன்மொழித் தேடல் வசதி உண்டு. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் இணைச்சொற்களையும் பிற மொழிச் சொற்களையும் தானே சேர்த்துத் தேடும். சீன யூட்டிலிட்டி மாடல்களை (சிறு கண்டுபிடிப்புகளுக்கான குறுகிய காலப் பதிவு, எண்ணின் முடிவில் யூ) அற்பமென்று தள்ளாதீர்கள். ஆழ்ந்த பரிசோதனை இல்லாமல் பதிவானவை என்றாலும் ப்ரயர் ஆர்ட் (முந்தைய சான்று) என்ற கணக்கில் அவையும் முழு மதிப்புள்ளவை.

கிண்டி_வழி

இந்திய விண்ணப்பங்களுக்கு இன்பாஸ் (பேடன்ட் அலுவலகத்தின் தேடல் தளம், இலவசம்). இங்கே வகைப்பாடு ஐபிசி எனும் சர்வதேச வகைப்பாடுதான், சிபிசி கிடையாது. எண் எழுதும் முறையும் குழப்பும்: ஓரிடத்தில் 27/00 என்றிருப்பது பேடன்ட் அலுவலக ஜர்னலில் சுழியங்கள் நீண்டு ஒரே சரமாக இருக்கும். எண்ணில் ஒன்றும் வராவிட்டால் 'இல்லை' என்று எழுதிவிடாமல் சுருக்கத்திலும் தலைப்பிலும் சொல்லைப் போட்டுத் தேடுங்கள்: தென்னை, பனை, பாக்கு, கம்பம், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல். தலைப்பு 'ஒரு கருவி' என்று மொட்டையாக இருப்பதும் உண்டு. ஆகவே தலைப்பை மட்டும் நம்பாதீர்கள்.

எந்த நாடானாலும் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் வெளியாகும். கடைசி ஒன்றரை ஆண்டில் போட்டதில் பெரும்பாலானது யார் தேடினாலும் தெரியாது. அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

பேடன்ட் அல்லாதவையும் கணக்கில் வரும். கேரளத்தின் செம்பேரி மாடல் போன்ற மிதித்து ஏறும் கருவிகள் வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ளவை. வேளாண் பல்கலைக்கழக வெளியீடுகள், ஆய்வேடுகள், யூடியூப் வீடியோக்கள் (பதிவான தேதியோடு) எல்லாம் பாருங்கள்.

மெக்கானிக்கல்_இறுதியாண்டு

மிக்க நன்றி அண்ணா. ஏ63பி 27-இலேயே காலாவதியான ஓர் அமெரிக்க ஆவணம் கிடைத்தது. சக்கரம் இருக்கிறது, ஆனால் க்ளெய்மில் ஸ்பிரிங் இல்லை. அப்படியானால் எங்களுடையது புதியதுதானே? தேடலை எப்போது நிறுத்துவது?

தேர்வறிக்கை

அவசரப்படாதீர்கள் தம்பி. இரண்டு வேறு கேள்விகள் இங்கே கலந்துவிட்டன. அடுத்தவர் உரிமையை மீறுகிறோமா என்று பார்க்கத்தான் அமலில் இருக்கும் பேடன்டின் க்ளெய்மைப் படிக்க வேண்டும். நம்முடையது புதியதா என்று பார்க்க முழு ஆவணத்தையும் படிக்க வேண்டும், வரைபடம் உட்பட. விளக்கத்தில் ஒரு வரியில் ஸ்பிரிங் வந்திருந்தாலும் போதும், க்ளெய்மில் இல்லையென்பது உதவாது. காலாவதியானாலும் அது ப்ரயர் ஆர்ட்தான். ஒரு ஆவணத்தில் சக்கரமும் இன்னொன்றில் ஸ்பிரிங்கும் இருந்து, இரண்டையும் சேர்ப்பது இத்துறையாளருக்கு எளிதில் தோன்றக்கூடியதென்றால் கண்டுபிடிப்புத் திறன் அடிபடும்.

ஒரு அட்டவணை போடுங்கள். மேலே உங்கள் கருவியின் அம்சங்கள்: மூன்று சக்கரம், ஸ்பிரிங், விட்டம் குறையக் குறைய இறுகுவது, மின்சாரம் போனால் நழுவாமல் நிற்பது. இடப்பக்கம் ஆவண எண்கள். கட்டத்துக்குள் பத்தி எண்ணோ படத்தின் எண்ணோ. எந்த அம்சத்தின் கீழ் கட்டங்கள் காலியாக நிற்கின்றனவோ அங்கேதான் உங்களுக்கு இடமிருக்கிறது.

நிறுத்துவதைப் பொறுத்தவரை, கிடைத்த நெருக்கமான ஆவணங்களின் மேற்கோள்களை முன்னும் பின்னும் தொடருங்கள். அவை எடுத்துக்காட்டியவை, அவற்றை எடுத்துக்காட்டியவை இரண்டும். சுற்றிச் சுற்றி உங்கள் அட்டவணையில் ஏற்கனவே உள்ளவையே வந்தால், புதிய சொல்லிலும் புதிதாக ஒன்றும் வராவிட்டால், நிறுத்தலாம். தேதி, தளம், தேடுசொல், எத்தனை வந்தது என்று ஒவ்வொரு தேடலையும் குறித்துவையுங்கள்.

கிண்டி_வழி

ஒன்று விட்டுப்போனது. விண்ணப்பம் போடும் எண்ணம் இருந்தால் கல்லூரிக் கண்காட்சிக்கு முன்பே தற்காலிக விண்ணப்பமாவது போட்டுவிடுங்கள். நம் சட்டத்தின் 31-ஆம் பிரிவு தரும் 12 மாதச் சலுகை அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். நீங்களே போட்ட வீடியோ உங்களுக்கே ப்ரயர் ஆர்ட் ஆகிவிடும்.