1000 பொயிண்டுக்குக் கோர் எது எடுக்கிறது?

குழு: கல்லடி மேசைப் படை (மேசையில பொம்மைப் படை வெச்சு விளையாடுற குறூப்)

டிலக்: சின்ன மாமா லண்டனில இருந்து அனுப்பின பெட்டி வந்திட்டு. வார்ஹாமர் விளையாட்டிட குள்ளர் பொம்மைப் படை. கோடரிக்காரர் 20 பேர், குறுக்குவில் 10, துவக்கு 10, ஒரு பீரங்கி, ஒரு ஜைரோகொப்டர் (குட்டி ஹெலிகொப்டர்). எல்லாம் பத்திரமா இரிக்கு.

சின்ன மாமா: சந்தோசம் மனே. 90களில நான் விளையாடின சாமான். 2015ல கம்பனி அந்த விளையாட்டையே நிப்பாட்டினாப் புறகு பெட்டியில கிடந்தது.

டிலக்: போயா லீவுக்கு நௌசாத் நானாட ஓர்க் (பச்சைப் பூதம்) படையோட ஓல்ட் வேர்ல்ட் விளையாடுறம், அந்தப் பழைய விளையாட்டிட புது வடிவம். ஆளுக்கு 1000 பொயிண்ட் பெறுமதியான படை. கோர் (அடிப்படை ஆக்கள்) ஆகக் குறைஞ்சது 25% எடுக்கோணும், எண்டா 250. அதோட கோரை நிப்பாட்டிட்டு மிச்சத்தைப் பீரங்கி, கொப்டர், நல்ல தலைவன் எண்டு போடட்டா?

தர்ஷி அக்கா: வேணாம்டா தம்பி. கோரை வரி கட்டுற மாதிரிப் பாக்காத. குள்ளர் படையில நம்பி நிக்கிற சாமானே அதுதான்.

டிலக்: ஆனா 3 இஞ்சிதானே அக்கா நடக்கிறாங்க. ஆறு சுற்றுக்குள்ள எங்க போய்ச் சேர?

தர்ஷி அக்கா: நாம ஏன் போகோணும்? ஓர்க் வரும். பாயிறதுக்கு ரெண்டு டைஸ் போட்டுப் பெரிசை எடுத்து நடையோட கூட்டுறது. அப்பிடிப் பாத்தா நம்மட ஆக்கள் உச்சம் 9 இஞ்சி, அவன்ட பன்றிக்காரர் (பன்றியில ஏறி வாற ஓர்க்) அதைவிடத் தூரம். முதல் பாய்ச்சல் அவனுக்குத்தான், அதை மாத்த ஏலா. வாற அடியை வாங்கிக்கொண்டு நிக்கிறது ஆர் எண்டுறதுதான் கேள்வி.

நௌசாத் (ஏறாவூர்): ஸலாம். நானும் இந்தக் குறூப்லதான் இருக்கன் கா 😄

தர்ஷி அக்கா: தெரியும் நௌசாத், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல. நீங்களே சொல்லுங்க, குள்ளரில உங்களுக்கு எது கரைச்சல்?

நௌசாத் (ஏறாவூர்): உண்மையச் சொன்னா, கொடியோட நிக்கிற கோடரிக் கூட்டம். பீரங்கி சுட்டா ஆள் போகும், அது பரவாயில்ல. அந்தக் கூட்டத்தை வென்டாலும் ஓட வைக்க ஏலாம இரிக்கு.

டிலக்: அது ஏன் நானா?

தர்ஷி அக்கா: லீடர்ஷிப் (மன உறுதி) 9டா. தோத்த பக்கம் ரெண்டு டைஸ் போடுது. எவ்வளவால தோத்தாலும் பரவாயில்ல, டைஸில நேரா விழுந்த எண் 9க்கு மேல போனாத்தான் பொதுவா ஓட்டம். 36 விதமா விழலாம், அதில 30 விதத்தில ஓட்டமில்ல. கொஞ்சம் பின்வாங்குவாங்க, இல்லாட்டி ஒழுங்கா விலகுவாங்க. மறுகா அடுத்த சுற்றுக்குச் சண்டைக்கு நிப்பாங்க.

தர்ஷி அக்கா: அதோட ஆர் வென்டதெண்டு பாக்கிற சண்டைப் பொயிண்டை வாள் வீசுறதுக்கு முதலே எண்ணிப் பார். பின்னால நிக்கிற வரிசைக்கு +1 படி உச்சம் +2. கொடிக்கு +1. நெருங்கி நிக்கிறதுக்கு +1. ஒருத்தனும் அடிக்காமலே 4.

டிலக்: அப்ப 20 பேரையும் 5 பேர் அகலத்தில 4 வரிசையா விடுவமா?

தர்ஷி அக்கா: 6 பேர் அகலம் விடு. 6, 6, 6, கடைசியில 2. நாலாவது வரிசைக்கு எப்பிடியும் பொயிண்ட் இல்ல, ஏன் அங்க ஆள நிப்பாட்டுறாய்? முன்னுக்கு ஒரு கோடரி கூட அடிக்கும். பின்னால நிக்கிற ரெண்டு பேரும் செத்தாலும் +2 அப்பிடியே இரிக்கும்.

சின்ன மாமா: கேடயமா, பெரிய கோடரியா? எங்கட காலத்தில கேடயம்தான்.

தர்ஷி அக்கா: மாமா, நௌசாத்துக்கு எதிரா எண்டா நான் பெரிய கோடரிதான் சொல்லுவன். குள்ளனுக்குப் பலம் 3, ஓர்க்குக்கு உறுதி 4. சும்மா கோடரியால 5, 6 விழுந்தாத்தான் காயம். பெரிய கோடரி பலத்தை 5 ஆக்குது, 3ல இருந்தே காயம். பட்ட அடியில மூண்டில ஒண்டு காயமாகிறது மூண்டில ரெண்டாகும். இரட்டிப்பு!

டிலக்: ஆனா கடைசியாத்தானே அடிக்கோணும்?

தர்ஷி அக்கா: நம்மட ஆக்களுக்கு இனிஷியேட்டிவ் (அடிக்கிற வேகம்) 2தான், பாய்ஞ்சு வாறவன் எப்பிடியும் முதல் அடிப்பான். அதால இழக்கிறது கொஞ்சம்தான். பெரிய கோடரியோட கைச்சண்டையில கேடயம் உதவாது, 4+ கவசம் (டைஸில 4 விழுந்தாத் தப்பும்) 5+ ஆகும். அதுதான் உண்மையான விலை. ஆனா ஓர்க் மேல குள்ளருக்குப் பகை இரிக்கு, முதல் சுற்றில தவறின அடியைத் திருப்பிப் போடலாம். அந்தச் சுற்றில நல்லா வெட்டினா மறுகா திருப்பி அடிக்க அவனிட்ட ஆள் குறைவு.

நௌசாத் (ஏறாவூர்): இது சரியான கதை. எனக்கே பயமா இரிக்கு.

சின்ன மாமா: துவக்கை விட்டிராத மனே. எனக்கு அந்த 10 பேரும் உயிர்.

டிலக்: எனக்கும் துவக்குத்தான் ஆசை 😊

தர்ஷி அக்கா: மாமா, வடிவா வர்ணம் பூசியிருக்கீங்க, தாடியில ஒவ்வொரு பின்னலும் தெரியுது. ஆனா இந்தச் சண்டைக்குக் குறுக்குவில். ரெண்டுக்கும் பலம் 4தான். துவக்கு கவசத்தைத் துளைக்கும், ஆனா எட்டுறது 24 இஞ்சி. குறுக்குவில் 30. நௌசாத்திட ஆக்களுக்கு லேசான கவசம்தானே, துளைச்சு என்ன லாபம்? ஊர்ந்து திரியிற படைக்கு அந்த 6 இஞ்சி பெரிசு. கவசம் கூடின பிரெட்டோனியாப் படைக் குதிரைவீரர் வந்தா அப்ப துவக்கை எடுப்பம்.

தர்ஷி அக்கா: ஒண்டு கவனம். இதுகளில முன் வரிசைதான் சுடும். 10 பேரும் ஒரே வரிசையில நிக்கோணும், 25 சென்ரிமீற்றர் இடம். மேசையே 120தான். ரெண்டு கூட்டம் இப்பிடி விட்டா அதுக்கே 50 போயிடும், கோடரிக்காரருக்கும் மத்த ஆக்களுக்கும் நெருக்கடி. அதால ஒரு கூட்டம் போதும்.

டிலக்: பன்றிக்காரர் பக்கத்தால கிறுகி வந்தா?

தர்ஷி அக்கா: அதுதான் இந்தப் படையில நோகிற இடம். அள்ளையில அடிச்சா அவனுக்கு +1, நம்மட வரிசைப் பொயிண்ட் ரெண்டும் போகும். கோடரிக்காரரிட இடப்பக்கத்தைக் காட்டோட ஒட்டு. வலப்பக்கம் குறுக்குவில்லைக் கொஞ்சம் பின்னுக்கு விடு. அவங்க மேல பாஞ்சு வாறவனுக்கு நிண்டு சுடலாம்.

நௌசாத் (ஏறாவூர்): காடு எந்தப் பக்கம் வைக்கிறதெண்டு டைஸ் போட்டுத்தான் முடிவு 🙏

தர்ஷி அக்கா: ஓம், அது நியாயம்.

டிலக்: அப்ப கோடரி 20, பெரிய கோடரியும் கொடியும். குறுக்குவில் 10. கோர் 250ஐத் தாண்டுது. பீரங்கி இரிக்கட்டும், கொப்டரை விடுறன். தலைவன் கூட்டத்துக்குள்ள நிக்கட்டும்.

சின்ன மாமா: பேஸ் (பொம்மை நிக்கிற அடித்தட்டு) எல்லாம் பழைய 20 மில்லிமீற்றர். இப்ப 25 எல்லா?

தர்ஷி அக்கா: பேஸைக் கழட்டத் தேவையில்ல மாமா. ஹார்ட்போட்டில 150க்கு 100 ட்ரே வெட்டி, நடுவில 5 மில்லிமீற்றர் கீலம் ஒட்டினாச் சரி. ஸ்ப்ரே மட்டும் இப்ப அடிக்காத தம்பி, இந்த மாரி ஈரத்தில வெள்ளை பூத்திடும்.

டிலக்: ட்ரேக்குக் கல்லடிக் கடற்கரை மண் ஒட்டட்டா?

அம்மா: நல்ல தண்ணியில ரெண்டு மூண்டு தரம் அலசிக் காய வெச்சு ஒட்டு மனே. உப்பு இருந்தாப் புறகு கக்கும்.

நௌசாத் (ஏறாவூர்): நான் பன்றிக்காரர் அஞ்சு பேரைப் பத்தாக்கிறன். காடு என்ட பக்கம் விழட்டும் 😄

டிலக்: வாங்க நானா, பாப்பம். அக்கா, ஹார்ட்போட் வெட்டுற பிளேட் எங்க இரிக்கு?