லோங்கோனோட் மலை: 62 வயது மாமனாரைக் கூட்டிட்டுப் போகலாமா?

புதுநைரோபி:
நைரோபிக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது. போன வாரம் மாமனார், மாமியார் வந்திருக்காங்க. மாமனாருக்கு 62 வயசு. தினமும் காலையில 5 கி.மீ. நடப்பார், சர்க்கரை இல்லை, முட்டி வலி இல்லை. இங்க பக்கத்துல இருக்கிற லோங்கோனோட் எரிமலையில, பூங்கா வாசல்ல இருந்து எரிமலை வாய் விளிம்புக்கு 3.1 கி.மீ.ன்னு சொன்னதும், "இது நான் பால் வாங்கப் போற தூரம்"ங்கிறார். உச்சி வரைக்கும் போகணுமாம். நம்பிக் கூட்டிட்டுப் போகலாமா?

சாம்பல்கால்:
விளிம்பு வரைக்கும் தாராளமா போகலாம். உச்சிக்குச் சத்தியம் பண்ணிடாதீங்க.

நான் நாலு தடவை போயிருக்கேன். வாசலே 2,100 மீட்டருக்கு மேல இருக்கு, உச்சி 2,776 மீட்டர். முதல் கொஞ்ச தூரம் புதர்க்காடு, வரிக்குதிரையைப் பார்த்துக்கிட்டே பேசிக்கிட்டு நடக்கலாம். அப்புறம் பேச்சு தானா நின்னுடும். எரிமலைச் சாம்பல் மண்ணை மழைத்தண்ணி அறுத்து அறுத்துப் பள்ளமாக்கி வச்சிருக்கு. விளிம்புக்கு முன்னாடி வர்ற கடைசி ஏத்தத்துல நான் மூணு இடத்துல உக்காந்தேன், போட்டோ எடுக்கிற மாதிரி.

மேல போனதும் நெருப்பு, புகைன்னு எதிர்பார்த்தேன். எட்டிப் பார்த்தா உள்ள முழுக்கக் காடு! கடைசியா வெடிச்சது 1860கள்ல இருக்கும்கிறாங்க. கிண்ணத்துச் சுவர்ல அங்கங்க ஆவி மட்டும் கசியுது. மறுபக்கம் திரும்பினா நைவாஷா ஏரி. இது போதும்னு தோணினா அங்கேயே முடிச்சுக்கலாம், அதுல ஒண்ணும் கேவலம் இல்லை.

உச்சி இருக்கிறது விளிம்பைச் சுத்துற பாதையில. அந்தச் சுத்து 7.2 கி.மீ. ஏற 3.1, இறங்க 3.1 சேர்த்தா 13.4. மாமனார் கணக்குல இதை விட்டுட்டார். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போற பாதை, சில இடத்துல ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் போகணும்.

என்னைக் கேட்டா பயம் இறங்கும்போதுதான். காஞ்ச மாசத்துல சாம்பல் மாவு மாதிரி இருக்கும். என் மச்சான் வழுவழு அடிப்பாகம் உள்ள புது ஷூவோட வந்து, பாதி இறக்கத்தை உக்காந்தே இறங்கினான். பேன்ட் போச்சு. அதனால மாமனாருக்கு நல்ல பிடிப்புள்ள பழைய ஷூ, கையில ஒரு தடி. மேல தண்ணி கிடையாது, நான் ஆளுக்கு 3 லிட்டர் சுமப்பேன். விளிம்புல கால்மணி நேரம் உக்கார வைங்க. மூச்சு சமமாயிட்டு, மணியும் பத்தைத் தாண்டலைன்னா மட்டும் சுத்துக்குப் போங்க.

மாத்தாத்துப்பயணி:
நைரோபியில ஒரு வாரம் இருந்துட்டதால உயரம் அவருக்கு ஓரளவு பழகியிருக்கும், நல்லது. நைரோபியே கிட்டத்தட்ட 1,700 மீட்டராச்சே.

நுழைவுக் கட்டணத்துக்கு நோட்டு செல்லாது, எம்-பெசா (போன்லயே பணம் கட்டுற முறை) இல்லைன்னா கார்டு. உங்களுக்குக் குடியிருப்போர் கட்டணம் வேணும்னா அடையாள அட்டையை மறக்காதீங்க, பெரியவங்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான். தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்குங்க. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு 2020 ஜூன்ல இருந்து தேசியப் பூங்காக்கள்ல தடை.

போற வழியில மாய் மாஹியுங்கிற ஊருக்கு இறங்குற ரோட்டுல லாரி நிறைய, விடியக்காலையிலேயே கிளம்பிடுங்க. அந்த ரோட்டோரம் இத்தாலியப் போர்க்கைதிகள் 1942ல கட்டின குட்டி தேவாலயம் இருக்கு, திரும்பி வரும்போது நிறுத்திப் பாருங்க.

புதுநைரோபி:
ரொம்ப நன்றி. 13.4ன்னு சொன்னதும் மாமனார் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "விளிம்புல பார்த்துக்கலாம்"னார். மாமியார் மலை ஏற மாட்டேங்கிறாங்க. அவங்களை என்ன பண்றது?

சாம்பல்கால்:
வாசல்ல காத்திருக்க வைக்காதீங்க, பாவம். அடுத்த நாள் பக்கத்துல ஹெல்ஸ் கேட் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போங்க. பெரும்பாலும் சமதரை. காரை விட்டு இறங்கி நடக்கலாம், வாடகை சைக்கிளும் கிடைக்கும். ஃபிஷர்ஸ் டவர்னு 25 மீட்டர் பாறைத்தூண் ஒண்ணு, கீழ நின்னு அண்ணாந்து பார்த்தாலே போதும். சாப்பாட்டுப் பையைக் குரங்குங்ககிட்ட இருந்து காப்பாத்திக்குங்க.

புதுநைரோபி:
மாமியார்கிட்ட சொல்லிட்டேன். அவங்க சைக்கிள் ஓட்டுவாங்களாம். கல்யாணமாகி ஆறு வருஷம், எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.